பானட்டைத் திறங்க, தம்பி

எங்கள் கார் வட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்பே மெக்கானிக் அண்ணன் கேட்பது ஒன்றுதான்: “பானட்டைத் திறங்க, தம்பி.”

1995, 96 வாக்கில் புதன்கிழமை ராத்திரிகளில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முன்னால் கூடுவோம். புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தது ஒன்றும் சாஸ்திரம் பார்த்து அல்ல. மெக்கானிக் அண்ணனுக்கு அலெக்சாண்ட்ரா வில்லேஜில் இருந்த பட்டறையில் அன்றைக்குத்தான் வேலை குறைவு. ஏழரைக்குத்தான் கூட முடியும், ஏனென்றால் எங்களில் நாலு பேர் சிவப்பு நம்பர் பிளேட்காரர்கள். பதிவுக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும் என்று அந்த வண்டியை எடுத்தவர்கள், வார நாளில் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் ரோட்டில் இறக்கலாம். ஏழு அடிக்கக் காத்திருந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளிலிருந்து கிளம்பி வருவார்கள்.

நிலையத்துக்குள் இருந்த கேண்டீனில் தே தாரிக் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். தலைக்கு மேல் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள். இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோலி செய்தவை. வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து என்று நான்குக்கும் பொருள் உண்டு. நான்கு சிலைக்கும் ஒவ்வொரு எழுத்தாக எஃப், எம், எஸ், ஆர். மலாய்க் கூட்டரசு ரயில்வே 1932ல் திறந்த நிலையம் அது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், “அந்த நாலு பேரையும் பாரு, இந்த ஊரே அந்த நாலு பேராலதான் ஓடுது” என்று காட்டியிருக்கிறார். போக்குவரத்தும் வணிகமும் ஒரே சுவரில் நிற்பதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

பானட்டைத் திறப்பது சோதனை மாதிரி தெரியும். உண்மையில் அதுதான் அறிமுகம். எண்ணெய் மூடியைத் திருகி உள்பக்கம் பார்ப்பார் அண்ணன். பாலாடை மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலந்திருக்கலாம். மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால், அந்தத் தகடு ஒரு தடவையாவது கழற்றப்பட்டிருக்கிறது. எங்கோ இடித்திருக்கிறது. இதையெல்லாம் அவர் குற்றமாகச் சொல்லமாட்டார். “இங்க ஒரு கதை இருக்கு போல” என்பார். வந்தவர் கதையைச் சொல்வார். துவாஸில் லாரி உரசியது, மனைவி கற்றுக்கொள்ளும்போது தூணில் தட்டியது. கதை சொல்லி முடிக்கும்போது அவர் எங்களில் ஒருவர்.

அப்போதும் கார்கள் கை மாறத்தான் செய்தன. 1996ல் நான் வாங்கிய நிசான் சன்னியே வட்டத்திலிருந்த ஒருவருடையதுதான். காசோலையைக் கொடுத்ததும் அவர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். முதல் சர்வீஸிலிருந்து எல்லா ரசீதும் அதில். பிறகு என்னைப் பின் கதவருகே கூட்டிப்போய், “மழை பேஞ்சா இந்தப் பக்கம் தண்ணி இறங்கும். ரப்பர் மாத்திப் பாத்துட்டேன், நிக்கல. ஒரு துணியை மடிச்சு வச்சிருங்க” என்றார். துணியையும் கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட கைலித் துணி. அந்த வண்டியை நான் வைத்திருந்தவரை அந்தத் துணியும் இருந்தது.

தஞ்சோங் பகார்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம் இது. அந்த வீட்டுப் பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். எங்கம்மா ஒரே ஒரு பெரியம்மாவிடம்தான் மிளகாய் வாங்குவார். அந்த அம்மா, “இன்னிக்கு மிளகாய் காரம் கம்மி, ஒரு கரண்டி சேத்துப் போடு” என்று தானே சொல்லிக் கொடுப்பார். விற்கிறவர் வாயாலேயே குறையும் வரும். அதுதான் நான் பார்த்து வளர்ந்த வியாபாரம்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் கார் வாங்கினால் கார் மட்டும் போதாது. வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். நாங்கள் சிஓஇ என்றே சொல்கிறோம். 1990 மே மாதம் தொடங்கிய ஏற்பாடு. ஏலத்தில் எடுக்கவேண்டும், பத்து ஆண்டுதான் செல்லும். பத்து முடிந்தால் அப்போதைய விலையின் மூன்று மாத சராசரியைக் கட்டி இன்னொரு பத்து ஆண்டு நீட்டிக்கலாம். பாதியைக் கட்டினால் ஐந்து ஆண்டு, அதோடு சரி. அதற்குப் பிறகு நீட்டிப்பு கிடையாது. பத்துக்குள் வண்டியை ஒப்படைத்தால் கட்டிய பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பிவரும். நீட்டித்துவிட்டால் அந்தப் பங்கும் போய்விடும்.

ஆக, வாங்கிய நாளிலேயே ஒவ்வொரு காருக்கும் சாகும் தேதி எழுதியாயிற்று. இன்ஜின் சாவதில்லை, காகிதம் சாகிறது. அந்தக் காகிதத்தின் விலையோ நிலையாக நிற்காது. 2008 நவம்பரில், உலகமே பொருளாதாரச் சரிவில் ஆடிக்கொண்டிருந்தபோது, சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்குப் போனது. ஒரு தே தாரிக் விலைக்குக் கொஞ்சம் மேலே. 2013 ஜனவரியில் அதே பிரிவு 92,100 வெள்ளி. 2023 அக்டோபரில் 106,000. பெரிய கார்களுக்கு அன்றைக்கு 150,001.

இப்படிப்பட்ட ஊரில் கார் வைத்திருக்கிறவன் எல்லோருமே ஒரு வகையில் விற்கக் காத்திருப்பவன்தான். ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம் என்று கணக்குப் போடாமல் யாரும் கதவைத் திறப்பதில்லை. “டிப்ரே எவ்ளோ?” என்பதுதான் இன்றைக்குக் கார் பேச்சின் முதல் வரி. டீலரிடம் கொண்டுபோனால் அவர் காகிதத்துக்குத்தான் விலை சொல்வார். நீங்கள் மெழுகு போட்டுத் துடைத்ததற்கும், நல்ல எண்ணெய் ஊற்றியதற்கும் ஒரு வெள்ளி கூடத் தரமாட்டார். அதற்கு விலை கொடுக்கிறவன் கார்ப் பைத்தியம் மட்டும்தான். அவன் இருக்கிற இடத்தைத் தேடி விற்கிறவர்கள் வருவது நியாயம்தான். எனக்கு அது புரியச் சில ஆண்டுகள் பிடித்தன.

2008க்குப் பிறகு வரத் தொடங்கினார்கள். ஒருவர் முதல் வாரம் வந்து எல்லோருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுப்பார். இரண்டாவது வாரம் கார் எவ்வளவு போகும் என்று கேட்பார். மூன்றாவது வாரம் விற்றுவிடுவார். நான்காவது வாரம் அந்த இடம் காலியாக இருக்கும். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்க்க எனக்குக் கோபமாக வரும். விற்றதற்காக அல்ல. பதினைந்து ஆண்டாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையை மூன்று வாரத்தில் எடுத்துச் செலவழித்துவிட்டுப் போய்விட்டாரே என்றுதான். வட்டத்தில் இருக்கிறவர் கார் என்றால் நல்ல கார் என்று வெளியே ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைச் சம்பாதித்தவர்கள் நாங்கள்.

2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஜூலை 17 அன்று மறுபடியும் பெய்து, புக்கிட் தீமா பக்கம் தரைக்குக் கீழே இருந்த கார் நிறுத்துமிடங்களில் தண்ணீர் புகுந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் ஒருவர் எங்களிடம் வந்தார். இனிமையாகப் பேசுவார். நாலு வயது வண்டி. உள்ளே ஏறினால் எலுமிச்சை வாசம் தூக்கியடிக்கும். அன்றைக்கு மெக்கானிக் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார், தங்கை மகள் கல்யாணம். பானட்டைத் திறந்து நாங்களே பார்த்தோம். பளபளவென்று இருந்தது. எங்களில் இளையவன் ஒருத்தன், அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது, வாங்கிவிட்டான்.

அண்ணன் ஊரிலிருந்து திரும்பி வந்தார். பானட் பக்கமே போகவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் மாட்டும்போது இழுக்கிற அளவு அல்ல, கடைசி அங்குலம் வரை. சுருளின் அடியில் இருந்த பட்டை வெளியே வந்தது. அதில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கறுப்பு, கீழே காய்ந்த சேற்றின் நிறம். விரலால் தேய்த்து அந்தப் பையனிடம் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. பிறகு இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தண்டவாளத்தைத் தடவினார். விரலில் துரு. அந்த வண்டியின் மின்சாரக் கோளாறு தீரவே இல்லை. ஒரு நாள் தீவு விரைவுச்சாலையில் பிள்ளையோடு போகும்போது நின்றுவிட்டது.

விற்றவரின் எண்ணுக்கு அழைத்தோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சட்டத்தில் பிடியும் இல்லை. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் விற்றவரே பொறுப்பேற்கும் ‘லெமன்’ சட்டம் 2012 செப்டம்பரில்தான் வந்தது. அதுவும் வியாபாரிகளுக்குத்தான், தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் இன்றைக்கும் பொருந்தாது. அதனால்தான் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்திருப்பது இந்த விஷயத்தில் அவ்வளவு முக்கியம்.

அந்த வாரமே விதி போட்டோம். புதிதாகச் சேருகிறவர் ஆறு மாதம் ஆகாமல் வட்டத்துக்குள் வண்டி விற்கக்கூடாது. நான்தான் முன்மொழிந்தேன். எதிர்த்தவர் ஒரே ஒருவர், டாக்சி ஓட்டிய பெரியவர். “விக்க வர்றவனும் ஒரு நாள் அதை ஆசைப்பட்டு வாங்கினவன்தானேப்பா. ஏமாத்தினவன் ஒருத்தன். எல்லாரையும் ஏன் வாசல்ல நிறுத்துறே?” என்றார். தஞ்சோங் பகார் என்றால் மலாய் மொழியில் வேலி போட்ட முனை என்று அர்த்தம். வேலி இல்லாமல் இந்த இடமே இல்லை என்று நான் அவருக்குப் பதில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் எங்கள் கார்களுக்கு நிற்க இடமில்லை. கேண்டீன் மூடிவிட்டது. கொஞ்ச நாள் மேக்ஸ்வெல் உணவங்காடிப் பக்கம் கூடினோம். டாக்சிப் பெரியவர் காலமானார். ஆட்கள் பொங்கோல், செங்காங் என்று குடிபோனார்கள். வட்டம் கைபேசிக்குள் போனது. நிலையத்தில் இருபத்து மூன்று பேராக இருந்தோம், கைபேசியில் நானூறுக்கு மேல் ஆகிவிட்டோம். முக்கால்வாசிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது.

இங்கே பானட்டைத் திறக்கச் சொல்ல முடியாது. காலையில் எழுந்து பார்த்தால் “ஹாய் பிரதர்ஸ், நியூ ஹியர்” என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் விலை. அதற்கடுத்து நாலு படம், வண்டி கழுவிய ஈரம்கூடக் காய்ந்திருக்காது. குழுவைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம். விதியை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் அதையே ஒட்டுவேன். நாளுக்கு இரண்டு மூன்று தடவை. யாருக்கு ஒட்டுகிறேன் என்று பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

2024 செப்டம்பர் கடைசியில் ஒரு செய்தி. டொயோட்டா கொரோலா 1.6, 1994. சிஓஇ இன்னும் மூன்று வாரம். விருப்பமுள்ளவர்கள் சொல்லவும். படம் ஒன்றே ஒன்று. நான் விதியை ஒட்டினேன். ஆறு மாதம் கழித்து விற்கலாம் என்பதுதான் அதன் கடைசி வரி. மூன்று வாரத்தில் முடிகிற வண்டிக்கு அதை ஒட்டினேன். “சரி அண்ணே, மன்னிக்கணும்” என்று பதில் வந்தது. ஒரு நிமிடத்தில் அந்த எண் குழுவை விட்டு வெளியேறிவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். மெக்கானிக் அண்ணன் பட்டறைக்குப் போயிருந்தேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மகன்தான் இப்போது பார்க்கிறான். மேசைமேல் ஒரு அட்டைப் பெட்டி. வீட்டில் கிடந்த ஸ்பேர் பார்ட்ஸ் என்று ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனானாம், காசு வாங்கவில்லையாம். உறை பிரிக்காத டைமிங் பெல்ட், இரண்டு எண்ணெய் ஃபில்டர், வைப்பர் ரப்பர். அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். நீல அட்டை, பள்ளிக்கூடத்து நோட்டு.

முதல் பக்கத்தில் தமிழில், குண்டு குண்டான எழுத்தில்: அக்டோபர் 1994. கியோங் சைக் ரோடு பிள்ளையார் கோயிலில் பூசை. எலுமிச்சை நாலு. கி.மீ. 11.

செய்தியில் வந்த அதே கொரோலாவின் நோட்டு. அதிலிருந்து முப்பது ஆண்டு. ஒவ்வொரு பெட்ரோலும், ஒவ்வொரு லிட்டரும், கிலோமீட்டரும். “முக்கால் டாங்க்” என்று வருகிற இடமெல்லாம் ஜொகூர்ப் பயணம். முக்கால் டாங்க் இல்லாமல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. டைமிங் பெல்ட் மூன்று முறை மாற்றியது. 2004ல் “சிஓஇ பத்து வருடம்”. 2014ல் மறுபடியும் “சிஓஇ பத்து வருடம். வீட்டில் சண்டை.” சண்டை வராமல் என்ன செய்யும்? அந்த ஆண்டு அறுபதாயிரத்துக்கு மேல் கட்டியிருப்பார், இருபது வயதுக் கொரோலாவுக்கு. பத்து ஆண்டு தாண்டிய வண்டி என்று சாலை வரியிலும் கூடுதல், ஆண்டுதோறும் பரிசோதனை. எல்லாம் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் முகவரி: எவர்ட்டன் பார்க். நான் வளர்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். எத்தனை புதன்கிழமை அவர் எங்களைத் தாண்டிப் போயிருப்பாரோ.

2024 அக்டோபரில் அந்த வண்டியை நீட்டிக்கப் பத்து ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் வெள்ளிக்கு மேல் கட்டவேண்டியிருந்தது. பையனால் முடியாது. பழம்பெரும் கார் என்ற சலுகைக்கு 35 வயது ஆகவேண்டும், அதற்கு ஐந்து ஆண்டு குறைவு. ஆனால் எங்கள் குழுவிலேயே அதே மாடலை இரண்டு ஆண்டாகத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஐந்து ஆண்டுக்காவது நீட்டித்து ஓட்டத் தயாராக இருந்தவர்கள். ஒருவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எண்ணெய் மூடியாவது திறந்து பாத்திருக்கலாம் அண்ணே” என்றார்.

விதியை மாற்றிவிட்டோம். விற்க வருகிறவர் தாராளமாக வரலாம், ஆனால் வண்டியோடு நேரில் வரவேண்டும். புதன்கிழமை ராத்திரி, எங்களில் இரண்டு பேராவது பானட்டைத் திறந்து பார்ப்போம், பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்போம். குறையை அவரே சொல்லவேண்டும். டாக்சிப் பெரியவர் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

பையனின் எண்ணைத் தேடிப் பிடித்து நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தஞ்சோங் பகார் எம்.ஆர்.டி. வாசலில், 290 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழலில் நின்று பேசினோம். இருபத்தெட்டு வயதிருக்கும். நான்தான் குழுவில் அந்த விதியை ஒட்டியவன் என்று சொன்னேன். அவனுக்கு நினைவே இல்லை, அல்லது இல்லாத மாதிரி காட்டிக்கொண்டான். “நீங்களே வெச்சுக்கங்க அண்ணே. காரே இல்ல, நோட்டு எதுக்கு” என்றான். அப்பா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னான்.

நோட்டு என் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எழுத்து வேறு. ஒல்லியாக, தமிழ் எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. அப்பா எழுதிய மாதிரியே தேதி, கிலோமீட்டர், பிறகு ஒரு வரி. செப்டம்பரில்: “கழுவி மெழுகு போட்டேன். போட்டோ எடுக்க.” அடுத்தது அக்டோபரில், வண்டியை உடைக்கக் கொண்டுபோன நாளாக இருக்கவேண்டும்: “பெட்ரோல் 10 வெள்ளி. போதும்.”